முடிவு தெரியாமல் வைத்த பெயர்

அடுத்த அறையில் என் மகள் லேப்டாப்பில் யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். காய்ந்த துணிகளை மடிக்கிற சாக்கில் அந்தக் கதவருகே நின்றுகொண்டு ஒரே துண்டை நான்கு தடவை மடித்தேன்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வெளிநாட்டுப் பெண்குரல் கேட்டது. அது ஒரு நதியின் பெயர், பழைய தமிழ் நாவல் ஒன்றின் கதாநாயகிக்கு அந்தப் பெயர், அம்மா அதைப் படித்துவிட்டு எனக்கு வைத்தார் என்று மகள் சொன்னாள். அந்தக் குரல் விடவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று கேட்டது. என் மகள் சிரித்தாள். அது பெரிய கதை என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். பிறகு போர்ச்சுகலில் வேலை என்றார்கள், மூன்று வருடம் என்றார்கள், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

என் மகள் கட்டடக் கலைஞர். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தலையிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூசியோடுதான் மாலையில் வீட்டுக்கு வருவாள். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். புனேயில் நல்ல வேலையில் இருந்தவள், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அதை விட்டுவிட்டு மைசூருக்கு வந்தாள். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானும் கேட்டதில்லை, கேட்டால் போய்விடுவாளோ என்று பயம்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னைப் பற்றி எழுதிக்கொள், என் பேரை மட்டும் எழுதாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நதியின் பெயர் என்பது போதும்.

அன்று மாலையிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல அலைந்தேன். இவள் போய்விடுவாளா என்பது ஒன்று. இன்னொன்று, அந்த வெளிநாட்டுக்காரி கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. எந்த நாவலிலிருந்து பெயரை எடுத்தேனோ அதன் முடிவை நான் படித்ததே இல்லை. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் அப்பா சேலத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு இங்கே வந்தவர். நான் பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டதெல்லாம் வாரப் பத்திரிகைகளில்தான், அதிலும் தொடர்கதைகளில். எங்கள் தெருவில் இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பத்திரிகைதான் வாங்குவோம். வீடு வீடாகப் போய் எல்லோரும் படித்து முடித்த பிறகு, கடைசியாகப் படிக்கிற வீட்டுக்குத்தான் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துக்கொள்ளும் உரிமை. கிழித்ததை வாராவாரம் அடுக்கி, கோணூசியால் குத்தி நூல் கோத்து வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டு செய்து அலமாரியில் ஏறும். அந்தக் கிழிக்கிற உரிமைக்காக நடக்காத சண்டை இல்லை. ஜோக்குப் பக்கத்தின் பின்புறம் தொடரின் கடைசிப் பத்தி இருக்கும், அதை யாராவது முன்பே வெட்டியிருப்பார்கள், அப்புறம் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது.

கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும் அந்தக் கூட்டில் நானும் இருந்தேன். நான் கருவுற்றிருந்த சமயம், எப்போதோ வெளிவந்து எல்லோரும் கொண்டாடிய ஒரு நாவலை அந்தப் பத்திரிகை மறுபடியும் தொடராகப் போட ஆரம்பித்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்படுகிறாள் என்று மற்ற மூன்று வீட்டாரும் கிழிக்கும் உரிமையை எனக்கே விட்டுக்கொடுத்தார்கள். இந்த மாதிரி பெருந்தன்மை அந்தத் தெருவில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

அப்போது எனக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி. பம்பாயை மதராஸோடு இணைப்பேன், மதராஸை டெல்லியோடு இணைப்பேன், நான் மட்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் போனது கிடையாது. அந்த நிலைமையில், ஓரிடத்தில் நில்லாத ஒரு பெண்ணுக்கு நதியின் பெயரை வைத்த அந்த எழுத்தாளர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். ஆரம்ப அத்தியாயங்களில் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். மரம் ஏறுவாள், தோணி தள்ளுவாள், கோபம் வந்தால் ஊர் எல்லைவரை நடந்துவிட்டுத் திரும்புவாள். பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான், இவள் ஓடட்டும் என்று அப்போதே முடிவு கட்டினேன். அந்தப் பெயரில் நான் பார்த்தது ஓட்டத்தை மட்டும்தான்.

கதை நல்ல கட்டத்தில் இருந்தது. பக்கத்து ஊருக்குப் போய்விட்ட இளம் வாத்தியாரிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. பிரிக்காமல் அதை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடுகிறாள். அடுத்த வாரம் தொடரும் என்று போட்டிருந்தது. அடுத்த வாரம் காவிரித் தகராறு வந்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையோடு நின்றன. பத்திரிகையும் நின்றது. பேருந்து நிலையத்தருகே எங்களுக்கு வாடிக்கையாகப் பத்திரிகை தரும் கடைக்காரர், நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும், "பேடாம்மா, இப்போ கேக்காதீங்க, மனைக்குப் போங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். பேடா என்றால் வேண்டாம், மனைக்கு என்றால் வீட்டுக்கு. எங்கள் நான்கு குடும்பங்களும் தெருவில் ஒருவருக்கொருவர் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கன்னடக்காரர்களான அக்கம்பக்கத்தார் எங்களுக்குப் பாலும் காயும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அதில் ஒன்றும் மனம் ஒட்டவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்ற ஒரே கவலை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பெண்மணி பேனாவை நிறுத்திவிட்டு, "நம் நதீனா, நிம் நதீனா?" என்று கேட்டாள். எங்கள் ஆறா, உங்கள் ஆறா என்று. என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கன்னடத்தில், இது கதையில் வருகிற ஆறு, யாருக்கும் பங்கு கிடையாது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பத்திரிகை திரும்ப வந்தபோது அந்த இடத்தில் வேறொரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. முடிவு நான் பார்க்காத வாரங்களில் போய்விட்டது. அந்தப் புத்தகம் எங்கேயாவது கிடைத்திருக்கும். தேடவில்லை. கைக்குழந்தை, ஷிப்டு வேலை என்று முதலில் காரணம் இருந்தது. அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. கதைக்கு நானே ஒரு முடிவைக் கட்டி வைத்துக்கொண்டேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது அதையே சொன்னேன். கடிதத்தைப் பிரித்தாள், தோணியில் ஏறினாள், அக்கரைக்குப் போனாள், வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள், பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை ஆனாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பதவி உயர்வு. தயிர் சாதம் முடிவதற்குள் அவளை மந்திரியாக்கிய நாட்களும் உண்டு.

இப்போது என் முழங்கால் விஷயத்துக்கு வர வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மாற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. மகள் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான் தட்டிக்கழித்தே வந்தேன். அந்த வீடியோ பேச்சைக் கேட்ட மறுநாள் காலை, அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கினேன். அவள் பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்து மூன்றாவது நாளாகப் பார்த்து வாங்கினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, "தேதி கொடுத்துட்டாங்க" என்றேன், அவர்களாக வலிய வந்து கொடுத்த மாதிரி.

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். "ஹௌதா? அப்படியா? நல்லதும்மா" என்றாள். அவ்வளவுதான். போர்ச்சுகலைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போனதும் நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். டி.வி.யைப் போட்டேன், நிறுத்தினேன். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தேன், இப்போதைய அரிசியில் ஏது கல், எழுந்தேன். வலிக்கிற காலோடு இப்படி நடப்பவளுக்கு எதற்கு அறுவைச் சிகிச்சை என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கேள்வி மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது? போனில் தட்டினால் இரண்டு வரியில் சொல்லிவிடும். ஆனால் இரண்டு வரியில் தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

விஜயநகரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு தமிழர் இருக்கிறார். வீடு முழுக்கப் புத்தகம். யாருக்கும் இரவல் தர மாட்டார் என்று பெயர் எடுத்தவர். பத்து நாள் தவித்துவிட்டு ஒரு காலையில் ஆட்டோ பிடித்துப் போய் நின்றேன். நாவலின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "என்னம்மா, பொண்ணுக்கு அந்தப் பேர வச்சிட்டு இப்பத்தான் படிக்கப் போறீங்களா?" என்றார்.

"மறுபடியும் படிக்கணும்னு தோணிச்சு சார்" என்று கூசாமல் சொன்னேன்.

"எனக்கு மனசு தாங்காதும்மா, நான் ஒரு தடவைக்கு மேல படிக்கல" என்று சொல்லி, செய்தித்தாளில் அட்டை போட்ட புத்தகத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, கடிதத்தோடு அவள் ஆற்றங்கரைக்கு ஓடுகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து படித்தேன். உட்கார்ந்து படிக்க முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே படித்தேன். கடிதத்தில் வாத்தியார் அவளை வரச் சொல்லி எழுதியிருக்கிறார். அவளும் கிளம்பத்தான் நினைக்கிறாள். அந்த வாரமே அவள் அம்மா படுத்துவிடுகிறாள். என்ன நோய் என்று வைத்தியருக்கு விளங்கவில்லை. எழுத்தாளர் நமக்கு மட்டும் காட்டுகிறார். வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த அம்மா எழுந்து, பழையதைப் பிழிந்து போட்டுக்கொண்டு, ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்கிறாள். மகள் வர முடியாது என்று பதில் எழுதுகிறாள். அதற்கப்புறம் தம்பிகளுக்கு உழைக்கிறாள், அவர்கள் பிள்ளைகளுக்கு உழைக்கிறாள், எல்லோரும் தலையெடுத்துத் தங்கள் தங்கள் வழியில் போகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் கோடைக்கால ஆற்றின் நடுவே அவள் தனியாக நடந்து போகிறாள். இரண்டு கரையிலும் வயல் பச்சைப்பசேலென்று இருக்கிறது. ஆற்றில் மணல்தான் இருக்கிறது.

இதற்காகத்தான் அவளுக்கு அந்தப் பெயர். ஓடுவதற்காக அல்ல. நான் என் குழந்தைக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் நடுக்கூடத்தில் வாய்விட்டு அழுதேன். புனேயை விட்டு வந்தது, அப்பாவுக்கு இரண்டு வருடம் மலஜலம் எடுத்தது, இப்போது நான் வாங்கி வைத்திருக்கிற தேதி, எல்லாம் அந்தப் பெயரில் முன்பே எழுதியிருந்ததுபோல் பட்டது. பெயருக்கு அப்படியெல்லாம் சக்தி கிடையாது என்று புத்திக்குத் தெரியும். புத்தியைக் கேட்டுக்கொண்டா அழுகிறோம்?

அழுது முடித்தபோது இன்னொன்று உறைத்தது. அந்த அம்மாவுக்கு என்ன பெயர்? ஞாபகம் வரவில்லை. புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். இரண்டு பக்கம் வந்துபோகிற தோணிக்காரனுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பெயர் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது. வெறும் அம்மா. யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அந்த எழுத்தாளர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. நான் என்னவோ கதாநாயகியைப் பெற்றவள் என்று பெருமையாக இருந்தேன்.

மாலைக்குள் முடிவு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்வது. அவளைப் போகச் சொல்வது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன், சமையலறையில் நின்று சத்தமாகவே. "நீ போ, என்னைப் பத்திக் கவலைப்படாதே." இதைப் பல தினுசாகச் சொல்லிப் பார்த்ததில் எனக்கே என்மேல் மரியாதை கூடிவிட்டது. நாவலில் அந்த அம்மா சொல்லாததை நான் சொல்லப் போகிறேன். அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். நான் உறுதியாக நின்று அனுப்பி வைப்பேன். இதெல்லாம் மனதுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

அவள் ஆறு மணிக்கு வந்தாள். காபி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

"அந்தக் கதையோட முடிவு, நான் உனக்குச் சொன்னது பொய்" என்றேன். "நான் படிச்சதே இல்ல. இன்னிக்குத்தான் படிச்சேன்."

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரியும்மா. பி.யு.சி. படிக்கும்போது காலேஜ் லைப்ரரில கன்னடத்துல இருந்தது. பூரா படிச்சேன்."

தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி சொல்லல?"

"நீ சொன்னது அதைவிட ஸ்வல்ப நல்லா இருந்தது. தோணி, தலைமையாசிரியை, மந்திரி எல்லாம்." சிரித்தாள். "அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

விட்டால் பேச்சு திசைமாறிவிடும் என்று பயந்து, ஒத்திகை பார்த்ததைக் கடகடவென்று ஒப்பித்தேன். போர்ச்சுகல் விஷயம் எனக்குத் தெரியும், நீ போ, மூன்று வருடம் என்ன பெரிசு, நான் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கடைசி வரியில் குரல் உடையும் என்று எதிர்பார்த்தேன், உடைந்தது.

அவள் டம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். கையில் சுண்ணாம்பு நெறுநெறுவென்று இருந்தது.

"ஆஸ்பத்திரியை வேண்டாம்னு சொல்லாதே. நீ தேதி வாங்கின அன்னிக்கே நான் அவங்களுக்குச் சரின்னு எழுதிட்டேன். உனக்கு ஆபரேஷன் ஆகி, வாக்கரை விட்டு நீயா நடக்கறதுக்கு எவ்ளோ நாளாகும்னு டாக்டர்கிட்டே கேட்டு, அதுக்கப்புறம்தான் சேருவேன்னு சொல்லியிருக்கேன். ஒத்துக்கிட்டாங்க."

பத்து நாளாக இவள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் போகச் சொல்லி உத்தரவு கொடுக்க வந்தவள். நெஞ்சு நிறைய வேண்டிய நேரத்தில் கோபம்தான் பொங்கியது. கையை உதறினேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் முன்பு பேசிய பேச்சையே திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

"போகாதேன்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.

"நான் இருந்திருப்பேன்மா" என்றாள். "அதான் கேக்கல."

எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

நான்கு நாள் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. தட்டை வைத்தேன், எடுத்தேன். அவளும் சமாதானம் பேச வரவில்லை, பயந்திருப்பாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னாள். நான் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துச் செருப்பை மாட்டினேன். கடையில் அவள் சின்னதாக ஒன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு இது எப்படிப் போதும், பெரிசாக எடு என்று நான்தான் சொன்னேன்.